உலகுக்கெல்லாம் ஒரே விலை என்னும் அநீதி

வீடியோ கேம் விலையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது. கேம் ஒன்றுதான், அதை உருவாக்கியவர்களின் உழைப்பும் ஒன்றுதான். அப்படியிருக்க அமெரிக்கருக்கு 60 டாலர், இந்தியருக்கு அதில் பாதி, துருக்கியருக்கு அதிலும் குறைவு என்று விற்பது எப்படி நியாயமாகும்? பணக்கார நாட்டுக்காரர் கொடுக்கும் காசில்தான் ஏழை நாட்டுக்காரர் விளையாடுகிறார். போதாக்குறைக்கு, விபிஎன் போட்டுக் குறைந்த விலை நாட்டில் இருப்பதாகக் காட்டி வாங்குகிறவர்களுக்கும் இதுவே கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே உலகம் முழுக்க ஒரே விலை வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. மேல்நாட்டார் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. நம் ஊரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் கேமர்கள் பலரும் சொல்கிறார்கள்: முடிந்தால் வாங்கு, முடியாவிட்டால் விடு, சலுகை கேட்டு நிற்காதே.

இந்த வாதம் அடிமுதல் நுனிவரை தவறு. இதில் நேர்மையின் குரல் கேட்பதால்தான் பலர் மயங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது கேட்பது சமத்துவத்தை அல்ல. ஒரு நாட்டின் சட்டைப்பையை அளந்து வைத்த விலையை மற்ற எல்லா நாட்டின் மேலும் சுமத்துவதை.

ஒரே பொருளுக்கு ஒரே விலை என்ற கொள்கையிலிருந்தே தொடங்கலாம். ஹாலிவுட் படமொன்று ஒரே வெள்ளிக்கிழமையில் நியூயார்க்கிலும் சென்னையிலும் வெளியாகிறது. அதே படம், ஒரு காட்சி கூடக் குறையவில்லை. அமெரிக்காவில் சராசரி டிக்கெட் 11 டாலர் அளவில் இருக்கிறது. நம் பணத்தில் 900 ரூபாய்க்கும் மேல். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் அரசு வைத்த உச்சவரம்பின்படி சாதாரண இருக்கைக்கு வரியெல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. சென்னைக்காரர் நியூயார்க்காரரின் செலவில் படம் பார்க்கிறார் என்று யாரும் குற்றம் சொன்னதில்லை. படத்துக்கு இயல்பாகத் தோன்றுவது கேமுக்கு மட்டும் ஏன் அநீதியாகத் தோன்ற வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் விலையைக் குறைத்தது. மொபைல் திட்டம் 199 ரூபாயிலிருந்து 149 ஆனது. பேசிக் திட்டம் 499 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 199-க்கு இறங்கியது. இந்தியர்கள் மேல் இரக்கப்பட்டுச் செய்த காரியம் அல்ல அது. மறு ஆண்டில் இந்திய வருவாயின் வளர்ச்சி 19 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக ஏறியதென்று நிறுவனமே தன் பங்குதாரர்களுக்குத் தெரிவித்தது. அதைப் பார்த்துத்தான் 2023-இன் தொடக்கத்தில் மேலும் 116 நாடுகளில் விலையைக் குறைத்தார்கள். குறைந்த விலையால் யாருடைய பையிலிருந்தும் காசு போகவில்லை, புதிதாகக் காசு வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தங்கமும் பெட்ரோலும் உலகச் சந்தை விலையில்தானே விற்கின்றன என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு கிராம் தங்கத்தையும் தோண்டி எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலையும் சுத்திகரித்துக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். கேமின் கணக்கு வேறு. முதல் பிரதியை உருவாக்கத்தான் நூற்றுக்கணக்கானவர்களின் பல வருட உழைப்பும் கோடிக்கணக்கான டாலரும் செலவாகின்றன. அதற்குப் பிறகு மதுரையில் ஒருவர் பதிவிறக்கம் செய்யும் பிரதிக்கு ஆகும் செலவு சர்வரும் இணையப் போக்குவரத்தும் மட்டுமே. அது சில ரூபாய்க்குள் முடிந்துவிடும். இப்படிப்பட்ட பொருளுக்கு உற்பத்திச் செலவைப் பார்த்து விலை வைக்க வழியே இல்லை. வாங்குகிறவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை வைத்துத்தான் விலை. 60 டாலர், 70 டாலர் என்பவையும் அப்படி வந்தவைதான். அமெரிக்க வாடிக்கையாளர் எவ்வளவு தாங்குவார் என்று கணித்து வைத்த எண்கள் அவை. அமெரிக்கருக்கு மட்டும் அவர் வருமானத்தை எண்ணி விலை வைப்பது இயல்பு, இந்தியருக்கு அதையே செய்வது சலுகை என்றால் அதில் நியாயம் எங்கே இருக்கிறது?

அந்த வருமான இடைவெளி எவ்வளவு என்று கூலியில் அளந்து பார்ப்போம். அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அந்த அடிமட்டக் கூலியில் வேலை செய்கிறவரும் ஒன்பது மணி நேரத்துக்குள் 60 டாலர் கேமுக்கான பணத்தைச் சம்பாதித்துவிடுவார். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். 60 டாலரை டாலருக்கு 84 ரூபாய் என்று மாற்றினால் 5,040 ரூபாய். பதினாறு நாள் கூலி. நூறு நாள் வேலைக்குப் போகிறவரா கேம் வாங்கப் போகிறார் என்று கேட்கலாம். அவர் பிள்ளை வாங்க நினைப்பான் என்பது என் பதில். அது போகட்டும். சென்னையில் ஐடி நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பொறியாளரைப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று பல வருடங்களாக அசையாமல் நிற்கும் சம்பளம்; கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய் அளவு. 70 டாலர் கேமை நேரடியாக மாற்றினால் 5,900 ரூபாய் ஆகிறது, மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு. வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்புவதும் போக அவர் கையில் நிற்பதே அவ்வளவு இருக்காது. அதே வேலையை அமெரிக்காவில் செய்கிறவருக்கு அந்த 70 டாலர் மாதச் சம்பளத்தில் ஒன்றிரண்டு சதவீதம்.

இனி, யார் காசில் யார் விளையாடுகிறார் என்ற குற்றச்சாட்டு. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டை எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கி 2016-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் 14.99 டாலர். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இந்தியர்கள் அதை நெடுநாளாக 480 ரூபாய்க்கு வாங்கி வருகிறார்கள். இந்த 480-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை, அது தனி. இரண்டு நாட்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பொங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வரி போனால் 407 ரூபாய். ஸ்டீமின் வழக்கமான 30 சதவீதக் கமிஷன் போவதாகக் கொண்டால் 285 ரூபாய், ஏறக்குறைய 3.40 டாலர். அமெரிக்காவில் விற்கும் ஒரு பிரதியில் அதே கமிஷன் போக அவருக்கு நிற்பது பத்தரை டாலர். அப்படியென்றால் இந்தியாவில் மூன்று பேர் வாங்கினால் அமெரிக்காவில் ஒருவர் வாங்கியதற்குச் சமம். 1,260 ரூபாய் என்று விலை வைத்திருந்தால் அந்த மூன்று பேரில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? வாங்காதவரிடமிருந்து வருவது சுழியம். இந்தியப் பிரதியில் வரும் 285 ரூபாய் அமெரிக்க விலையை ஒரு சென்ட் கூட உயர்த்தவில்லை. இந்தியர்கள் வாங்காமல் போனால் அமெரிக்கருக்கு 14.99 டாலர் 12 டாலராகக் குறைந்துவிடவும் போவதில்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதாகச் சொல்வதற்கு இங்கே சுமையே இல்லை.

அர்ஜென்டினா, துருக்கி கதைதான் ஒரே விலைக்காரர்களின் பிரம்மாஸ்திரம். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். இரண்டு நாட்டிலும் ஸ்டீமில் உள்ளூர்ப் பணத்தில் விலை இருந்தது. பெசோவும் லிராவும் சரிந்துகொண்டே போக, பல நிறுவனங்கள் ஒருமுறை வைத்த விலையை வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. டாலரில் கணக்கிட்டால் பெரிய கேம்கள்கூட ஒரு காபி விலைக்கு வந்து நின்றன. வெளிநாட்டார் பலர் தங்கள் ஸ்டீம் கணக்கை அந்த நாடுகளுக்கு மாற்றிக்கொண்டு வாங்கினார்கள். உண்மைதான். 2022 அக்டோபரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் பரிந்துரை விலைகளைத் திருத்தியபோது 60 டாலர் கேமுக்கான துருக்கிப் பரிந்துரை 454 சதவீதமும் அர்ஜென்டினப் பரிந்துரை 485 சதவீதமும் ஏறின. 2023 நவம்பர் 20 அன்று இரண்டு நாடுகளிலும் உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு டாலரைக் கொண்டுவந்தார்கள். விபிஎன் திருடர்களால் ரீஜனல் பிரைசிங், அதாவது நாட்டுக்கு நாடு விலை வைப்பது, செத்தது, இனி எல்லாருக்கும் ஒரே விலைதான் என்று அன்று எக்காளமிட்டவர்கள் ஏராளம்.

வால்வ் சொன்ன காரணத்தை அவர்கள் படிக்கவில்லை. நாணய மதிப்பு நிலையில்லாமல் ஆடுவதால் சரியான விலை வைப்பதும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் கடினமாகிவிட்டது, கட்டணங்களும் வரிகளும் சிக்கலைக் கூட்டின என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் 2022 அக்டோபரில் 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அர்ஜென்டினாவில் 2023-இன் பணவீக்கம் 211 சதவீதம். முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு. வால்வ் அங்கே அமெரிக்க விலையைக் கொண்டுவரவில்லை. லத்தீன் அமெரிக்காவுக்கு ஒன்று, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒன்று என்று இரண்டு புதிய விலை மண்டலங்களை உண்டாக்கியது. பணம் டாலர், விலை மட்டும் அமெரிக்காவைவிடக் குறைவாக இருக்கட்டும் என்றே பரிந்துரைத்தது. ரீஜனல் பிரைசிங்கின் சாவு என்று ஊருக்குச் சொன்ன நாளில் உண்மையில் அதன் எல்லை விரிந்தது. அந்தப் பரிந்துரையைப் பொருட்படுத்தாமல், புதிய மண்டலத்துக்கென்று விலையே நிரப்பாமல் விட்ட நிறுவனங்களின் கேம்கள்தான் அமெரிக்க விலைக்கு ஏறின. புவனஸ் ஐரிஸ் மாணவருக்கு டாலர் செலவு மேல் விதிக்கப்பட்ட வரிகளும் அதற்கு மேல் சேர்ந்தன. அவர் செய்த குற்றம் என்ன? எங்கோ ஒரு ஜெர்மானியர் விபிஎன் போட்டார் என்பதற்கு இவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

குறைந்த விலை இப்படி எல்லை தாண்டும் கசிவைத் தடுக்கும் வழிகள் கடைக்காரர் கையில்தான் இருக்கின்றன. 2017-இல் ஸ்டீம் கேமைப் பரிசாக வாங்கிச் சேர்த்துவைக்கும் வசதியை நிறுத்தியது. விலை இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளுக்கிடையே பரிசளிப்பதைத் தடுத்தது. 2021-இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நாட்டை மாற்றலாம் என்று விதி வைத்தது. அந்த நாட்டின் பணம் செலுத்தும் முறையில் வாங்கினால்தான் மாற்றம் செல்லும். இந்தியாவில் யுபிஐ வழியாகப் பணம் செலுத்துகிறவரின் பின்னால் இந்திய வங்கிக் கணக்கு இருக்கிறது. விபிஎன் போட்டதால் ஒருவருக்கு யுபிஐ கிடைத்துவிடாது.

பொறியியல் படித்தவர்களுக்கு இன்னொரு முன்னுதாரணம் கையிலேயே இருந்தது. அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல் விற்ற பாடப்புத்தகங்களின் மலிவுப் பதிப்புகளை வைத்துத்தான் நம் கல்லூரிகளில் பல தலைமுறைகள் படித்தன. மெல்லிய தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள், பின்னட்டையில் இந்தியா, வங்கதேசம், நேபாளம், இலங்கை போன்ற நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு என்ற வரி. உள்ளே அதே கணக்கு, அதே சமன்பாடு. சுபாப் கிர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர் தன் நாட்டு மலிவுப் பதிப்புகளை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சிட்ட புத்தகம் எல்லை தாண்டுவதைத் தடுக்க முடியாது என்றான பிறகும் பதிப்பகங்கள் மலிவுப் பதிப்பைக் கைவிடவில்லை. இன்றும் நம் கடைகளில் அவை கிடைக்கின்றன. பெட்டியில் போட்டுக் கப்பலேற்றக்கூடிய புத்தகமே தாங்கிய கசிவை, கணக்கோடு பூட்டிவைத்த டிஜிட்டல் கேம் தாங்காது என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் விதித்ததை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும். போலந்து, செக், ஹங்கேரி, பால்டிக் நாடுகள் போன்றவற்றில் மலிவாக வாங்கிய கேமை மேற்கு ஐரோப்பாவில் திறக்க முடியாமல் பூட்டியது சட்டவிரோதம் என்பது முடிவு. 2023-இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லையற்ற ஒரே சந்தை என்ற உடன்படிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நாட்டு மக்கள் ஒன்றியத்துக்குள் எங்கும் போய் வேலை செய்யலாம், குடியேறலாம், சம்பாதிக்கலாம். திருச்சிக்காரர் நாளைக் காலை சியாட்டிலில் வேலைக்குச் சேரும் உரிமை பெற்றிருந்தால் அந்தத் தர்க்கத்தை இங்கேயும் கொண்டுவரலாம்.

நாட்டுக்கு நாடு வைக்கும் எல்லா விலையும் சரி என்றும் நான் சொல்லவில்லை. போலந்து மக்கள் பல கேம்களுக்கு ஜெர்மானியரைவிடவும் அமெரிக்கரைவிடவும் அதிகம் கொடுத்தார்கள். 2022-இல் ஸ்லோட்டி பலவீனமாக இருந்தபோது கணக்கிட்ட பரிந்துரை, ஸ்லோட்டி தேறிய பிறகும் மாறாமல் கிடந்ததே காரணம். ஆஸ்திரேலியர்கள் மென்பொருளுக்கும் கேமுக்கும் அமெரிக்கரைவிடப் பாதியளவும் அதற்கு மேலும் கூடுதலாகக் கொடுத்ததை அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2013-இல் வெளிக்கொணர்ந்தது. இந்த இரண்டிலும் கோபப்பட நியாயம் உண்டு. இங்கே விலை வருமானத்தைப் பார்க்கவில்லை. அக்கறையின்மையையும் பேராசையையும் பார்த்தது. மருந்து, கணக்கை ஒழுங்காகப் போடுவதுதான்.

ஜப்பானையும் மறக்க வேண்டாம். 2025 ஜூனில் நின்டென்டோ தன் ஸ்விட்ச் 2 கன்சோலை வெளியிட்டபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பதிப்பை 49,980 யென்னுக்கும், பல மொழிப் பதிப்பை 69,980 யென்னுக்கும் விற்றது. யென் வீழ்ந்திருந்ததால் சொந்த நாட்டு மக்களுக்கு 20,000 யென் குறைத்தார்கள். பணக்கார நாடான ஜப்பானின் மக்களை அமெரிக்கர் செலவில் விளையாடுகிறவர்கள் என்று யாரும் பழிக்கவில்லை. அதே ஏற்பாட்டைப் பாகிஸ்தானியருக்கோ பிரேசில்காரருக்கோ செய்தால் மட்டும் ஏமாற்று வேலை என்ற சொல் வருகிறது.

டாலர் விலை என்றால் என்ன என்பதை இலங்கை அனுபவித்துப் பார்த்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் 360 அளவில் நின்றது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் 60 டாலர் கேமுக்கு 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தால், இரண்டே மாதத்தில் அதன் விலை 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கேம் மாறவில்லை, அவர் சம்பளம் ஏறவில்லை. நாணயச் சரிவின் முழுப் பாரமும், சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவரின் தலையில் விழுந்தது. ஸ்டீம் இன்று இலங்கையைத் தெற்காசிய டாலர் மண்டலத்தில் வைத்து, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தானோடு சேர்த்து அமெரிக்காவைவிடக் குறைந்த விலைக்கு இடம் கொடுக்கிறது. ஒரே விலைக்காரர்கள் ஒழிக்கச் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

முடியாவிட்டால் விடு என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்டுவிட்டு யாரும் சும்மா இருந்ததில்லை. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் க்ராக் செய்த கேம் சிடிகள் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கிக் கிடந்த காலத்தைச் சென்னையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அசல் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் நூறு ரூபாய்க்குள் அதை வாங்கிப் போனார்கள். உருவாக்கியவருக்கு ஒரு பைசா போகவில்லை. ரஷ்யாவில் எல்லாரும் திருட்டுப் பிரதிதான் வாங்குவார்கள், அங்கே கடை போடாதே என்று வால்வை எச்சரித்தார்கள். அங்கே கடை போட்டபின் அது ஐரோப்பாவில் தங்கள் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்றானது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011-இல் சொன்னார். இந்தியாவிலும் அதுவே நடந்தது. 2015 நவம்பரில் ஸ்டீமில் ரூபாய் வந்தது. 2017-இல் 30 டாலர் பப்ஜி இங்கே 999 ரூபாய்க்குக் கிடைத்தது. க்ராக் தேடி அலைந்த பையன்கள் தங்கள் பெயரில் அசல் கேம் வாங்கத் தொடங்கினார்கள்.

கன்சோல் பக்கம் இந்தப் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது 70 டாலர் கேம் இந்தியாவில் 4,999 ரூபாய், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நேர்மாற்று. அதனால் இங்கே பலர் டிஸ்க்கை வாங்கி, கதையை முடித்து, கீறல் விழாமல் உறையில் போட்டு விற்று அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குகிறார்கள். ஒரே டிஸ்க் நாலைந்து கை மாறுகிறது. முதல் விற்பனைக்குப் பிறகு கைமாறும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டாளருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒழுங்கான ரூபாய் விலை வைத்திருந்தால் அந்த நாலைந்து பேரில் பாதிப் பேராவது அவரிடமே வாங்கியிருப்பார்கள்.

ஸ்டீமில் கேம் வெளியிடும்போது டாலர் விலையை உள்ளிட்டால் ஒவ்வொரு நாணயத்துக்கும் பரிந்துரை விலை தானாகவே அட்டவணையில் வந்து நிற்கிறது. அதை ஏற்பதும் திருத்துவதும் வெளியீட்டாளர் விருப்பம். வருடத்துக்கு ஒருமுறை அந்த அட்டவணையைத் திறந்து, ரூபாய் வரிசையையும் ஸ்லோட்டி வரிசையையும் தெற்காசிய வரிசையையும் அந்தந்த நாட்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்யாமல், மாற்று விகிதத்தால் பெருக்கிப் போட்டுவிட்டு இந்தியர்கள் கேம் வாங்குவதில்லை என்று சொல்லும் நிறுவனத்திடம், நம் வாடிக்கையாளர்கள் ரசீதைக் காட்டிக் கேட்கலாம். நியாயமான விலை வைத்தவர்களிடம் வாங்கிய ரசீதுகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.